ஒழுங்கு நடவடிக்கையும் ஊர்க்கட்டுப்பாடும்

(கம்பைநல்லூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி இங்கே வருவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் நின்றேன். கூட வந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, காசாவுல கொழந்தைங்க சாவறதப் பத்தி காலேஜ் வாசல்ல அட்டை எழுதிப் புடிக்கலாம்னு இருக்கோம். புடிச்சா டி.சி. குடுத்து அனுப்பிடுவாங்களா?"

அவன் கேள்வியில் பயத்தைவிடக் கணக்குதான் அதிகம் இருந்தது. அவன் அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா நூறு நாள் வேலை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசப்படி மிதித்த முதல் ஆள் இவன்தான். இவன் கையில் இருப்பது ஒரே ஒரு சீட்டு. அதைப் பந்தயம் வைக்கலாமா என்று கேட்கிறான். நான் வேறு ஏதோ பேசுவதற்குத் தயாரித்துக்கொண்டு வந்தேன். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மற்றதைப் பேசிப் பிரயோசனம் இல்லை.

முதலில் இந்த 'ஒழுங்கு நடவடிக்கை' என்கிற சொல்லைப் பாருங்கள். ஒழுங்கு யாருடைய ஒழுங்கு? நம் ஊர்களில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது. ஊர்க்கட்டுப்பாடு. டீக்கடையில் உட்காராதே, ஊர்த்தெருவில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகாதே, கூட்டமாக நிற்காதே. மீறினால் ஊர்ப்பொதுவில் கூப்பிட்டு நிறுத்துவார்கள். காலில் விழச் சொல்வார்கள். அபராதம் போடுவார்கள். கடைசியில் தள்ளிவைப்பார்கள். கல்லூரியில் இதையேதான் நோட்டீசு, மன்னிப்புக் கடிதம், அபராதம், சஸ்பென்ஷன் என்று சொல்கிறார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறவர்கள் ஐதராபாத்தைப் பாருங்கள். 2015இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்துத் தோழர்கள் ஒரு தூக்குத் தண்டனையை எதிர்த்துக் கூடினார்கள். முசாபர்நகர் கலவரம் பற்றிய ஆவணப்படத் திரையிடல் டெல்லியில் தடுக்கப்பட்டபோது அதைக் கண்டித்தார்கள். எதிர்த்தரப்பு மாணவர் அமைப்போடு தகராறு வந்தது. மத்திய அமைச்சர்கள் வரை கடிதம் போனது. அந்த டிசம்பரில் 5 தலித் ஆய்வு மாணவர்களை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். தண்டனை என்ன தெரியுமா? வகுப்புக்குப் போகலாம், நூலகத்துக்குப் போகலாம். விடுதிக்குள் நுழையக்கூடாது, நிர்வாகக் கட்டடத்துக்குள் போகக்கூடாது, பொது இடங்களில் கூட்டமாக நிற்கக்கூடாது, மாணவர் தேர்தலில் நிற்கக்கூடாது. சேரிக்காரன் வந்து வேலை செய்யலாம், ஊருக்குள் குடியிருக்கக்கூடாது என்பதுதானே இது? அந்த 5 பேரும் வெட்டவெளியில் பந்தல் போட்டுப் படுத்தார்கள். பந்தலுக்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று அர்த்தம். அந்த 5 பேரில் ஒருவர்தான் ரோகித் வெமுலா. 2016 ஜனவரி 17ஆம் தேதி அவரை இழந்தோம். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அவருக்கு வரவேண்டிய உதவித்தொகை நின்றுபோயிருந்தது.

இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதுவரை மேடையில் சொன்னதில்லை.

1987 ஜூலையில் ராஜீவ்-ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அமைதிப்படை என்ற பெயரில் இந்திய ராணுவம் ஈழத்துக்குப் போனது. செப்டம்பரில் திலீபன் நல்லூரில் பட்டினி கிடந்து செத்தார். அக்டோபரில் அந்த ராணுவமே யாழ்ப்பாணத்தில் சண்டையைத் தொடங்கியது. யாழ் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டார்கள். நான் அப்போது வேறொரு ஊரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் வருஷம். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. ஆதிதிராவிடர் விடுதியில் தங்கிப் படித்தேன். ஒருநாள் வகுப்பைப் புறக்கணித்து ஊர்வலம் போனோம். 'இந்திய ராணுவமே திரும்பி வா' என்று கத்தினோம். அவ்வளவுதான் நாங்கள் செய்தது.

மறுநாள் 6 பேரை மட்டும் கூப்பிட்டார்கள். 4 பேர் ஊர்த்தெருப் பையன்கள். 2 பேர் காலனி. "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார் பிரின்சிபால். அந்த 4 பேருடைய அப்பாக்களும் வந்தார்கள். நாற்காலி போட்டார்கள். மழை உண்டா, வெள்ளாமை எப்படி என்று விசாரித்தார்கள். பையனைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள் என்று சொல்லி ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். எங்கப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கடன் வாங்கிக்கொண்டு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார். "சாமி, தெரியாம பண்ணிட்டான் சாமி" என்றார். அவர் குரல் அப்படி ஒலித்ததை நான் அதற்குமுன் ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில்தான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் இரண்டு பேருடைய கடிதத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது. இனி எந்தக் கூட்டத்திலாவது இவன் கலந்துகொண்டால் விடுதியை விட்டு நீக்கிவிட முழுச் சம்மதம் என்று. எங்கப்பா கைநாட்டு வைத்தார். அந்த வருஷம் என் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவைத்தார்கள். 4 பேருக்கு நிறுத்த ஒன்றுமில்லை, அவர்கள் அதை வாங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது எங்கப்பா ஒன்றும் பேசவில்லை. பஸ் வந்து நின்ற பிறகு கேட்டார்: "அந்தப் பேப்பர்ல என்னா எழுதியிருந்துச்சி? நீ படிச்சியே, சொல்லு." சொன்னேன். கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

தோழர்களே, ஒரே குற்றம், ஒரே கடிதம், ஒரே நாள். ஆனால் தண்டனை ஒன்றா? இதுதான் நான் சொல்ல வருவது. ஒழுங்கு நடவடிக்கை எல்லோருக்கும் சமம் என்று சட்டம் பேசும். வீடும் நிலமும் உள்ளவனுக்கு 2 மாத சஸ்பென்ஷன் என்பது 2 மாத லீவு. விடுதிச் சோற்றில் உயிர் வைத்துப் படிக்கிறவனுக்கு அது படிப்பின் முடிவு.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தாழ்த்தப்பட்டோருக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் 1944இல் தொடங்கியது. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்து வாதாடிப் பெற்ற கல்வி உதவிகளின் தொடர்ச்சி அது. ஆனால் அந்தத் திட்டத்தின் விதிமுறையில் நீண்டகாலமாக ஒரு வாசகம் இருந்தது. வேலைநிறுத்தத்தில் ஈடுபடுவது போன்ற தவறான நடத்தை உள்ளவர் என்று கல்லூரித் தலைவர் தெரிவித்தால் உதவித்தொகையை ரத்து செய்யலாம், நிறுத்திவைக்கலாம். அதாவது நமக்குப் பணம் கொடுத்த கையே நம் வாயையும் பொத்திக்கொண்டிருந்தது. பணக்காரப் பையன் ஸ்டிரைக் செய்தால் அது அவனுடைய அரசியல். நம் பையன் செய்தால் அது உதவித்தொகை விதிமீறல்.

அடுத்து 2009. ஈழத்தில் கடைசிப் போர். ஜனவரி 29ஆம் தேதி சென்னை சாஸ்திரி பவன் முன்னால் முத்துக்குமார் தன்னை எரித்துக்கொண்டார். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களிலேயே தமிழக அரசு கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியது. விடுதிகளையும் காலிசெய்யச் சொன்னார்கள். பிறகு 2013. மார்ச் 8ஆம் தேதி சென்னையில் லயோலா கல்லூரி மாணவர்கள் 8 பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் இரவு போலீஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பந்தல் எழுந்தது. பதிலுக்கு அரசு மறுபடி கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியது. அந்த மாதக் கடைசியில், 27ஆம் தேதி, ஈழத்தமிழர்களிடம் பொதுவாக்கெடுப்பு கோரிச் சட்டமன்றத்தில் தீர்மானமும் போட்டார்கள். கோரிக்கை சரி என்றால் கோரிக்கை வைத்தவர்களை ஏன் ஊருக்கு அனுப்ப வேண்டும்? 2009இல் ஆண்டது ஒரு கட்சி, 2013இல் ஆண்டது இன்னொரு கட்சி. பூட்டு மட்டும் ஒன்றேதான்.

தனித்தனியாக நோட்டீசு கொடுத்தால் எதிர்த்து நிற்பார்கள். அதனால் மொத்தமாகக் கதவைச் சாத்தினார்கள். பெயர் விடுமுறை. சத்தமில்லாத சஸ்பென்ஷன் அது. விடுதியை மூடினால் நகரத்தில் வீடுள்ளவன் பந்தலுக்கு வந்துவிடுவான். தருமபுரி காலனிப் பையன் எங்கே போவான்? ஊருக்குத் திரும்பி அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போனான். போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் பேச வேண்டும். பேசாவிட்டால் நான் உங்களிடம் நேர்மையாக இல்லை. 2013 மார்ச்சுக்கு 4 மாதத்துக்கு முன்னால், 2012 நவம்பர் 7ஆம் தேதி, நம் மாவட்டத்திலேயே நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று 3 காலனிகளை எரித்தார்கள். 250க்கும் மேற்பட்ட வீடுகள். இளவரசன்-திவ்யா கல்யாணம் காரணம் என்றார்கள். வீட்டோடு எத்தனை பிள்ளைகளின் சர்டிபிகேட் எரிந்தது! ஈழத்துக்குப் பந்தல் போட்ட கல்லூரிகளில் எத்தனை நத்தத்துக்குப் பந்தல் போட்டன? சில தோழர்கள் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாடே திரளவில்லை. 2013 ஜூலை 4ஆம் தேதி இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தபோதும் திரளவில்லை.

அதனால் நம் பிள்ளைகளில் சிலர் கேட்கிறார்கள்: "நமக்கு வராதவங்களுக்கு நாம ஏன் போகணும்? போரை எதிர்த்துக் கத்தறது வசதியானவங்க வேலை. நாம படிச்சி உத்தியோகத்துக்குப் போவோம்." இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். இதில் அடிபட்டவனின் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலாவது, போர் என்றால் என்ன என்று நம்மைவிடத் தெரிந்தவர்கள் யார்? அரூர்ப் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். கிணற்றைப் பாழாக்கினார்கள். 18 பெண்களை வன்புணர்ச்சி செய்தார்கள். தீர்ப்பு வர 2011 ஆனது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சீருடை போட்டவன் ஊருக்குள் நுழைந்தால் முதலில் என்ன நடக்கும் என்பது நம் சனங்களுக்குப் பத்திரிகை படித்துத் தெரியவேண்டியதில்லை. யாழ்ப்பாணமும் காசாவும் நமக்கு அந்நியம் இல்லை.

இரண்டாவது, போருக்குச் செலவழிகிற பணம் யாருடைய பணம்? அம்பேத்கர் 1951இல் மந்திரிசபையிலிருந்து விலகியபோது கொடுத்த அறிக்கையில் இந்து சட்ட மசோதாவை மட்டும் பேசவில்லை. வருஷ வருமானம் 350 கோடி, அதில் 180 கோடி ராணுவத்துக்கே போகிறது, நம் வெளியுறவுக் கொள்கைதான் காரணம் என்று கணக்கு சொன்னார். 2025-26இல் இந்திய ராணுவ பட்ஜெட் 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி. ஸ்காலர்ஷிப் ஏன் தாமதமாகிறது என்று கேட்கிறவன் இந்தக் கணக்கையும் கேட்கத்தான் வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் உங்களுக்கு முக்கியம். மாணவனை விசாரிக்காமல் வெளியே தள்ளக்கூடாது என்கிற உரிமையை உலகத்தில் யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். 1960 பிப்ரவரியில் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கறுப்பின மாணவர்கள், கோர்ட் கட்டடத்திலிருந்த வெள்ளையர் சிற்றுண்டிக் கடையில் போய் உட்கார்ந்து சாப்பாடு கேட்டார்கள். நம்ம டீக்கடை இரட்டைக் குவளை மாதிரிதான். அவர்களில் 9 பேரை அலபாமா அரசுக் கல்லூரி விசாரணையே இல்லாமல் வெளியேற்றியது. வழக்குப் போட்டார்கள். 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: குற்றம் என்ன என்று அறிவிக்காமல், அவர்கள் பக்கத்தைக் கேட்காமல் அரசுக் கல்லூரி மாணவரை வெளியேற்றக்கூடாது. பிறகு வியட்நாம் போரை எதிர்த்த வெள்ளைக்கார மாணவர்களும் அந்த நிழலில்தான் நின்றார்கள். ஒடுக்கப்பட்டவன் தனக்காக வாங்கிய உரிமை எல்லோருக்கும் குடையானது.

ஆனால் குடை பிடித்தவனை யார் நினைக்கிறார்கள்? 1970 மே 4ஆம் தேதி கென்ட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்பு மாணவர்கள் மீது படை சுட்டு 4 பேர் செத்தார்கள். உலகத்துக்கே தெரியும். 11 நாள் கழித்து மிசிசிப்பியில் ஜாக்சன் கல்லூரியில் போலீஸ் சுட்டது. விடுதியை நோக்கிச் சுட்டார்கள். 2 பேர் செத்தார்கள், 12 பேருக்குக் காயம். அது கறுப்பர்களின் கல்லூரி. எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போதும் அதேதான் நடக்கிறது. 2024 ஏப்ரலில் காசா போரை எதிர்த்து நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கூடாரம் போட்டார்கள். நிர்வாகமே போலீசைக் கூப்பிட்டது. 100 பேருக்கு மேல் ஒரே நாளில் கைது. அந்த மாதமே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கைதானவர்களில் கோயம்புத்தூரில் பிறந்த ஒரு தமிழ் மாணவியும் உண்டு. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு கொலம்பியாவுக்குத் தந்த 40 கோடி டாலரை ரத்து செய்தது. ஒரு வாரத்தில் பல்கலைக்கழகம் மாணவர்களை வெளியேற்றியது, சிலருடைய பட்டத்தையே பறித்தது. ஜூலையில் மேலும் 70க்கும் மேற்பட்டவர்கள் மீது நடவடிக்கை, அரசோடு 20 கோடி டாலருக்குச் சமரசம். அங்கே படித்த இந்திய ஆய்வு மாணவி ஒருவர் விசா ரத்தாகி நாட்டைவிட்டே போனார். வெளிநாட்டுப் பிள்ளைக்கு விசா எதுவோ, அதுதான் நமக்கு விடுதி. அதிகாரம் கயிற்றின் எந்த நுனியைப் பிடிக்க வேண்டுமோ அதைச் சரியாகப் பிடிக்கிறது.

இங்கேயும் அதேதான். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஒரு தலித் ஆய்வு மாணவரை, டெல்லியில் ஊர்வலம் போனது உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி, 2024 ஏப்ரலில் 2 வருஷம் சஸ்பெண்டு செய்தார்கள். உயர்நீதிமன்றம் கைவிட்டது. 2025 மேயில் உச்சநீதிமன்றம்தான் கழிந்த காலம் போதும் என்று திரும்ப உள்ளே விட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் போனது போனதுதான்.

சரி, தம்பிக்குப் பதில் என்ன? டி.சி. கொடுப்பார்களா? கொடுக்கப் பார்ப்பார்கள். அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

வாய்மொழியாக மிரட்டினால் "எழுத்துல குடுங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பாதி மிரட்டல் அங்கேயே நின்றுவிடும். நோட்டீசு வந்தால் குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, வாங்கியதற்கு ஒப்புகை வாங்குங்கள். எந்த விதியை மீறினேன், என்ன ஆதாரம், நகல் கொடுங்கள் என்று கேளுங்கள். மாணவருக்கு எதிராக முடிவெடுக்கும் முன் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று நம் உச்சநீதிமன்றமே 1962இல் ஒரு பரீட்சை வழக்கில் சொல்லியிருக்கிறது. சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினால் அதற்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வருகைப்பதிவை விட்டுவிடாதீர்கள், அரசியலைக் காரணம் காட்ட முடியாதபோது அட்டெண்டன்சைத்தான் காட்டுவார்கள். எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமாக, அப்பா அம்மாவைத் தனியாக அந்த அறைக்குள் அனுப்பாதீர்கள். கூட இயக்கத் தோழரோ வக்கீலோ போகட்டும். அவர்களுக்கு ஒரு நாற்காலி கேட்டு வாங்குங்கள்.

கூடப் போராடுகிற ஊர்த்தெரு நண்பர்களுக்கும் ஒன்று. போராட்டத்துக்கு எங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், வருவார்கள். முன்வரிசையிலும் நிற்பார்கள். ஆனால் தண்டனை வரும்போது உங்கள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து உங்களை மட்டும் மீட்டுக்கொண்டு போகக்கூடாது. 6 பேரைக் கூப்பிட்டால் 6 பேருக்கும் ஒரே கடிதம், இல்லாவிட்டால் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முதல்நாளே பேசி முடிவு செய்யுங்கள். விடுதி போனால் யார் வீட்டில் தங்குவது, ஸ்காலர்ஷிப் நின்றால் யார் பணம் திரட்டுவது என்று அட்டை எழுதுவதற்கு முன்னால் எழுதுங்கள். எங்கள் தெரு எரிகிற அன்றைக்கும் அதே அட்டையோடு வாருங்கள். அப்போதுதான் அது போர் எதிர்ப்பு.

1987இல் இதைச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. அந்த 4 பேரும் கெட்டவர்கள் இல்லை. எங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவில்லை.

எங்கப்பா இப்போது இல்லை. அவர் கைநாட்டு வைத்த அந்தக் கடைசி வரியை அவருக்கு நான் படித்துக்காட்டவே இல்லை. இன்றைக்கு உங்களுக்குப் படித்துக்காட்டிவிட்டேன். தம்பி, அட்டையை எழுது. தனியாகப் போகாதே.

ஜெய்பீம்.